கிளுவை வேலி

முதலையைப் பார்த்துக்கொண்டே ஒரு மனுஷன் எத்தனை நாள் சும்மா இருக்க முடியும் என்று யாராவது கேட்டால், பதினேழு நாள் என்று நான் அநுபவபூர்வமாகப் பதில் சொல்வேன்.

பாதியில் நின்றுபோன ஒரு நாவலை முடித்துவிடலாம் என்ற எண்ணத்துடன் அமராவதி நகருக்குப் போயிருந்தேன். அங்கே என் பழைய சிநேகிதர் ஒருவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சின்ன வீடு ஒன்றில் வசிக்கிறார். "இங்கே வந்து ஒரு மாசம் இரு. பேசுவதற்கு ஆள் கிடையாது. எழுதித்தான் ஆகவேண்டும்" என்று கடிதம் போட்டிருந்தார். அவர் சொன்னதில் முதல் பாதி உண்மை.

உடுமலைப்பேட்டையிலிருந்து தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் வந்தால் அமராவதி நகர். 1957-ல் கட்டிய அணை, 1962-ல் தொடங்கிய சைனிக் பள்ளி, 1976-ல் ஏற்பட்ட முதலைப் பண்ணை, இவைதாம் ஊர். அதற்கப்பால் மலை, மலையில் ஆனைமலைப் புலிகள் காப்பகம். அணைத் தேக்கத்தில் நன்னீர் முதலைகள் நிறைய உண்டு. கரையோரங்களில் அவை இட்ட முட்டைகளைப் பொறுக்கி வந்து, குஞ்சு பொரிக்க வைத்து, வளர்த்து ஆளாக்குவதற்காகத்தான் அந்தப் பண்ணையை ஆரம்பித்தார்கள். தினமும் சாயங்காலம் நான் அங்கே போய்த் தடுப்புச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நிற்பேன். வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடக்கும் அந்தப் பிராணிகளுக்கும் என் நாவலுக்கும் ஏதோ ஒப்பந்தம் இருந்திருக்க வேண்டும். இரண்டும் அசையவில்லை.

பதினெட்டாவது நாள் காலையில் திருப்பூரிலிருந்து என் அத்தை மகன் டெலிபோன் செய்தான்.

"மச்சா, நம்ம கொறங்காட்டுக்கு ஒரு பார்ட்டி வந்திருக்குது. சூரிய மின்சாரக் கம்பெனிக்காரங்க. விக்க வேண்டியதில்லீங்க, குத்தகைக்குக் குடுத்தாப் போதும். இருபத்தஞ்சு வருஷம். நீங்க வந்து ஒரு கையெழுத்துப் போட்டாச் சோலி முடிஞ்சுது."

நிலம் என் பெயரில் இருக்கிறது என்பதே அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

கொறங்காடு என்றால் என்னவென்று கொங்கு நாட்டுக்கு வெளியே உள்ளவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். அது காடு அல்ல. பொதுமேய்ச்சல் புறம்போக்கும் அல்ல. காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில், கரூர் பக்கங்களில், மழை குறைந்த செம்மண் சரளை பூமியில், குடியானவர்கள் தங்கள் சொந்தப் பட்டா நிலத்தையே மேய்ச்சலுக்கு என்று ஒதுக்கி வைத்திருப்பார்கள். நாலு ஏக்கர், ஆறு ஏக்கர் என்று துண்டு துண்டாக இருக்கும். ஒவ்வொரு துண்டையும் சுற்றி முள்ளுக் கிளுவையை நட்டு உயிர்வேலி கட்டியிருப்பார்கள். உள்ளே கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல மரங்கள். மாட்டையும் ஆட்டையும் உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் மேய்ப்பதற்குக்கூட ஆள் வேண்டியதில்லை. காங்கயம் மாடு என்று உலகம் அறிந்த இனம் உருவானது இந்தத் துண்டு நிலங்களில்தான்.

எங்கள் கொறங்காடு ஆறு ஏக்கர். என் அப்பாரு, அதாவது அப்பாவைப் பெற்ற தாத்தா, வைத்துவிட்டுப் போனது. அப்பா பட்டணத்தில் உத்தியோகத்தோடு இருந்துவிட்டார். அவருடைய கடைசித் தங்கை, என் சின்ன அத்தை, சின்ன வயசிலேயே கணவனை இழந்து பிறந்த ஊருக்குத் திரும்பி வந்தவள், அதில் ஆடு மாடு வைத்துப் பிழைத்தாள். பட்டா எங்களுடையது; பாடு அவளுடையது. அறுபது வருஷத்துக்கு மேலாக இந்த ஏற்பாட்டைப்பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. வருஷா வருஷம் ஒரு தூக்குப்போசி நெய் மட்டும் எங்கள் வீட்டுக்கு வரும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகச் சென்னை மெரினாவில் ஜனங்கள் கூடினார்களே, அப்போது நானும் ஒரு நாள் போய் நின்றேன். கையில் காங்கயம் காளையின் படம் வைத்திருந்தேன். "நாட்டு மாட்டைக் காப்போம்" என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். அந்தக் காளையின் இனம் மேய்கிற என் சொந்த நிலத்தை நான் மிதித்து அப்போதே ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

மறுநாள் அதிகாலையிலேயே பஸ் ஏறினேன்.

அமராவதி நகரிலிருந்து காங்கயத்துக்குப் போகும் பாதை ஒரு பாடப் புத்தகம் மாதிரி. மலையடிவாரத்தில் வாய்க்கால் பாயும் பூமி. கரும்பு, நெல், தென்னை என்று பச்சை கண்ணை நிறைக்கும். அணைத் தண்ணீர் ஆற்றோடு போய் மடத்துக்குளம், தாராபுரம், கரூர் என்று வழி நெடுக வயல்களை நனைத்துவிட்டுக் கடைசியில் காவிரியில் கலக்கிறது. ஆனால் ஆற்றையும் வாய்க்காலையும் விட்டுக் கொஞ்சம் விலகினால் போதும், பூமியின் நிறம் மாறிவிடும். தாராபுரம் தாண்டி வடக்கே போகப் போக, காற்றாலைகளின் நீண்ட கைகள் சுழல்கின்றன. கீழே சரளை மண்; குட்டையான வேலிகள்; குடை விரித்தாற்போல் வெள்வேல மரங்கள். தண்ணீர் எட்டாத அந்த வெளியில்தான் கொறங்காடுகள் மிஞ்சியிருக்கின்றன. பாசனம் வந்திருந்தால் என்றைக்கோ உழுதிருப்பார்கள். வறட்சிதான் அந்தப் புல்லை இத்தனை காலம் காப்பாற்றியிருக்கிறது.

அத்தை படல் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். வயசு எழுபத்தாறு. ஒரு முழங்கால் உள்பக்கமாக வளைந்துவிட்டது. கையில் ஒரு தொரட்டி.

"வா கண்ணு. எளச்சுப் போயிட்டயே! பட்டணத்துல சோறு போடறதில்லையா?"

"நன்றாகத்தான் இருக்கிறேன், அத்தே. உங்களுக்குக் கால் எப்படி இருக்கிறது?"

"காலு கெடக்குது. வா, வெய்யலுக்கு முந்தி ஒரு சுத்துச் சுத்தீட்டு வந்தர்லாம்."

அந்த ஒரு சுற்றை நான் மறக்கமாட்டேன்.

வேலியைத்தான் முதலில் காட்டினாள். கிளுவைப் போத்தை வெட்டி மழைக்கு முன்னால் ஊன்றிவிட்டால் வேர் பிடித்துக்கொள்ளும். பிறகு கவாத்துச் செய்து நெருக்கிக்கொண்டே வரவேண்டும். அப்பாரு ஊன்றிய குச்சிகள் இப்போது என் கை பருமனுக்கு இருந்தன. வேலியின் அடிப்பாகத்தில் பல வருஷத்துச் சருகும் கொடியும் அடைந்து மெத்தை போல் கிடந்தன. தொரட்டியால் லேசாக விலக்கிக் காட்டினாள். ஒரு பள்ளம், அதில் பழுப்பு முட்டைகள் ஏழு.

"கௌதாரி. போன வாரம் வெச்சுது. அதுக்குத்தான் இந்த மூலைக்கு மாட்டை உடறதில்ல."

உடும்பு குடியிருக்கும் பொந்து ஒன்று, முயல் ஓடும் தடம் ஒன்று, காடைகள் புரண்டு குளித்த மண் ஒன்று என்று வரிசையாகக் காட்டினாள், வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு அறை அறையாகக் காட்டுவதுபோல. மயில்களைப்பற்றி மட்டும் மரியாதையாகப் பேசவில்லை. "அதுகளுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. வெதச்சதைப் பூராத்தையும் கெளறிப் போடுது. ஒண்ணும் பண்ண முடியாது. கேசாயிரும்."

மயில் நம் தேசியப் பறவையானது 1963-ல். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-ல். அத்தைக்கு அந்த வருஷங்கள் தெரியாது. 'கேசாயிரும்' என்ற ஒரு சொல்லில் அவள் இரண்டையும் அடக்கிவிட்டாள்.

"உடும்பு புடிக்கறவனுக வருவானுக ராத்திரில, டார்ச்சு லைட்டோட. நானும் வடக்கு வளவுக்காரரும் தாட்டி உட்ருவோம். மூணு ஊருக்காரங்களும் பேசி வெச்சிருக்கறோம். கௌதாரிக்குக் கண்ணி வெச்சா, அவன் ஆட்டை எங்க வேலிக்குள்ள உடறதில்லை."

"யார் சொல்லி இப்படிச் செய்கிறீர்கள், அத்தே?"

"யாரு சொல்லோணும்? கௌதாரி கரையான் திங்குது. கரையான் புல்லுத் திங்குது. புல்லு மாடு திங்குது. மாடு நாம திங்கறோம். பாலைச் சொல்றேன், சாமி."

மழை பெய்து புல் தலைகாட்டும்போது சில வாரங்களுக்கு மாட்டை உள்ளே விடமாட்டார்களாம். விதை உதிர்ந்து பூமியில் விழ வேண்டும். கோடையில் புல் கருகிப்போனால் வெள்வேலங் காய் ஆட்டுக்கு ஆகாரம். மரத்தை வெட்டினால் அந்தக் காய் இல்லை, ஆகவே வெட்டுவதில்லை. எத்தனை மாடு தாங்கும் என்று பார்த்துத்தான் விடுவார்கள்; கூடுதலாக விட்டால் அடுத்த வருஷம் சரளைதான் மிஞ்சும். 1936-ல் லிட்டில்வுட் என்ற வெள்ளைக்காரர் தென்னிந்தியக் கால்நடைகளைப்பற்றி ஒரு புஸ்தகம் எழுதினார். காங்கயம் மாட்டையும், அதைப் பேணி வளர்த்த பழையகோட்டைப் பட்டக்காரரையும் பற்றி அறிய விரும்புகிறவர்கள் இன்றும் அதைத் தேடிப் படிக்கிறார்கள். ஆனால் இந்த ஆறு ஏக்கரின் சட்டதிட்டங்கள் ஒரு கிழவியின் தலைக்குள் மட்டுமே இருந்தன.

எனக்கு மனசு நிரம்பிவிட்டது. மரத்தடியில் உட்கார்ந்ததும் பிரசங்கம் ஆரம்பித்துவிட்டேன். படித்தவனுக்கு மனசு நிரம்பினால் வேறு என்ன செய்வான்?

ஆப்பிரிக்காவில் கென்யா என்று ஒரு தேசம் இருக்கிறது, அத்தே, என்று தொடங்கினேன். அங்கே மசாய் என்ற ஜனங்கள். மாடுதான் அவர்களுக்குச் சொத்து, சுகம், எல்லாம். அவர்கள் மேய்க்கிற வெளியிலேயே சிங்கம், யானை, வரிக்குதிரை எல்லாம் திரியும். வெள்ளைக்காரன் காலத்திலும் அதற்குப் பிறகும், மிருகங்களுக்கு என்று பெரிய பெரிய இடங்களை வளைத்து, "இனி இங்கே மாடு வரக்கூடாது" என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் மிருகங்களுக்கு எல்லைக்கல் தெரியுமா? அவை வெளியே வந்து இவர்கள் நிலத்தில்தான் பாதி வருஷம் மேய்ந்தன. வருகிற வேடிக்கைக்காரர்கள் கொடுக்கிற பணமோ இவர்களுக்கு வரவில்லை. அப்புறம் இவர்களே கூடிப் பேசினார்கள். 1996-ல் கிமானா என்ற இடத்தில் ஒரு குழு தங்கள் பொது நிலத்திலேயே சரணாலயம் ஏற்படுத்தியது. மசாய் மாரா பக்கத்தில், பொது நிலத்தை ஆளுக்கு ஒரு துண்டாகப் பிரித்து எழுதிக்கொண்ட குடும்பங்கள், 2006 வாக்கில் அந்தத் துண்டுகளை மறுபடியும் ஒன்றாகச் சேர்த்தன. வேலி போடுவதில்லை, கட்டடம் கட்டுவதில்லை, முறை வைத்து மாடு மேய்ப்பது என்று ஒப்பந்தம். விடுதி நடத்துகிறவர்கள் அவர்களுக்கு ஏக்கர் கணக்கில் குத்தகை கொடுத்தார்கள். 2013-ல் அந்தத் தேசத்துச் சட்டமே இதை அங்கீகரித்துவிட்டது.

அத்தை வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு நிதானமாகக் கேட்டாள்.

"அங்க வேலி போடக்கூடாதாமா?"

"ஆமாம். கம்பி வேலி போட்டால் மிருகங்கள் நடமாட வழி இல்லை."

"இங்க வேலி இருந்தாத்தானே கௌதாரியே இருக்கும்?"

நான் திகைத்துப்போனேன். உண்மைதான். அங்கே பெரிய மிருகம், பெரிய வெளி. வேலி அதற்குச் சத்துரு. இங்கே சின்ன உயிர்கள், சின்னத் துண்டுகள்; வேலியேதான் அவற்றின் வீடு. ஒரு தேசத்துப் பாடத்தை இன்னொரு தேசத்தில் அப்படியே ஒப்பிக்கக்கூடாது என்பதை அத்தை ஒரே கேள்வியில் சொல்லிவிட்டாள். அடுத்த கேள்வி அதைவிடக் கூர்மையாக வந்தது.

"சிங்கம் அவுங்க மாட்டைத் தின்னா, காசு யாரு குடுப்பா?"

"அதற்கும் ஏற்பாடு உண்டு, அத்தே. 2003-லிருந்து ஒரு பகுதியில், சிங்கம் மாட்டைக் கொன்றால் விலையில் ஒரு பங்கு கொடுக்கிறார்கள். முன்பெல்லாம் ஈட்டி எடுத்துக்கொண்டு சிங்க வேட்டைக்குப் போகிற வாலிபர்களையே இப்போது சம்பளம் கொடுத்துச் சிங்கத்துக்குக் காவல் வைத்திருக்கிறார்கள்."

"செரி. எந்திரி. ஒண்ணு காட்டறேன்."

பட்டிக்கு அழைத்துக்கொண்டு போனாள். ஆட்டுப் பட்டி. மூங்கில் தட்டிகள் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தன. உள்ளே பதினாலு செம்மறிகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. இரண்டின் தொடையில் மஞ்சள் பூசியிருந்தது.

"இருவத்தி மூணு இருந்துது. ஒரே ராத்திரி. ஒம்பது. நாயிங்க. திங்கக்கூட இல்ல, கண்ணு. கடிச்சுப் போட்டுட்டுப் போயிருச்சு. காலையில வந்து பாத்தா, கழுத்துல மட்டும் காயம். செனையாடு நாலு."

நான் பத்திரிகையில் படித்திருந்தேன். 2024, 2025 ஆண்டுகளில் காங்கயம், வெள்ளகோவில் பக்கத்துக் குடியானவர்கள், நாய்கள் கடித்துக் கொன்ற ஆடுகளைச் சாலையில் கொண்டுவந்து போட்டு மறியல் செய்தார்கள். அதற்குப் பிறகு அரசாங்கம் நிவாரணம் கொடுக்க முன்வந்தது. பத்திரிகையில் அது ஒரு பத்திச் செய்தி. காப்பி குடித்து முடிப்பதற்குள் நானும் அடுத்த பக்கத்தைத் திருப்பியிருப்பேன். சிங்கமோ சிறுத்தையோ கொன்றிருந்தால் வனத்துறை வந்து பார்க்கும், ஒரு கணக்கு எழுதும். நாய் காட்டு மிருகமும் இல்லை. யாருடைய வீட்டு மிருகமும் இல்லை. பனியன் தொழில் பெருகி ஊர்கள் பெருத்து, சாலையோரத்தில் எல்லாம் கோழிக் கழிவைக் கொட்ட ஆரம்பித்த பிறகு, அவை கூட்டம் கூட்டமாகப் பெருகிவிட்டன. ராத்திரியில் கொறங்காட்டில் இறங்குகின்றன. ஆட்டை மட்டுமா? முயலையும் கௌதாரிக் குஞ்சையும் அவை விட்டா வைக்கும்?

"பேசாமக் கையெழுத்துப் போட்ரு, சாமி" என்றாள் அத்தை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பஸ்ஸில் வரும்போதெல்லாம் நான் ஒரு கதை ஜோடித்துக்கொண்டு வந்திருந்தேன். பணத்தாசை பிடித்த மகன். மண்ணை விடமாட்டேன் என்று மல்லுக்கு நிற்கும் தாய். நடுவிலே நியாயம் வழங்க வந்த எழுத்தாளன். என் நாவல்கள் இப்படித்தான் இருக்கும். வாழ்க்கை நாவல் படிப்பதில்லை.

"நீங்களா சொல்கிறீர்கள், அத்தே?"

"நாந்தான் அவனைப் பேசச் சொன்னேன். அந்தக் கம்பெனிக்காரன் வருஷத்துக்கு இத்தனைன்னு குடுப்பான். பாதி உனக்கு, பாதி எனக்குன்னு பையன் பேசியிருக்கறான். என்ற முட்டிக்கால் இனி எத்தனை நாளைக்குங்கற? ராத்திரி நாயி கொலைச்சா எந்திரிச்சு ஓட முடியுதா? உனக்கு வந்து பாத்தா அழகா இருக்குது. கௌதாரி, முயலு, புல்லு. எனக்கும் அழகாத்தான் இருக்குது. ஆனா எனக்குக் கணக்கும் இருக்குதல்ல?"

நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது?

அந்தக் குத்தகை எழுதினால் முதல் காரியமாகக் கிளுவை வேலியைப் பிடுங்குவார்கள், மரங்களை வெட்டுவார்கள், நிழல் விழக்கூடாது. மண்ணைச் சமப்படுத்திக் கண்ணாடிப் பலகைகளை வரிசை வரிசையாக நிறுத்துவார்கள். சூரிய மின்சாரம் நாட்டுக்கு வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. நான் எழுதுகிற மேஜை விளக்குக்கே அது வருகிறதோ என்னவோ! ஆனால் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். மாராவில் நிலத்தைத் திறந்தபடி வைத்திருப்பதற்குக் குத்தகை கொடுக்கிறார்கள். காங்கயத்தில் நிலத்தை மொட்டையடிப்பதற்குத்தான் குத்தகை கிடைக்கிறது. புல்லை வைத்துக்கொண்டிரு, கௌதாரியை வைத்துக்கொண்டிரு என்று ஒரு ரூபாய் கொடுக்க ஆள் கிடையாது.

அமராவதி முதலைக்கு அரசாங்கம் இருக்கிறது, சுவர் இருக்கிறது, வேளாவேளைக்கு இறைச்சி போடச் சம்பளக்காரர் இருக்கிறார். மயிலுக்குச் சட்டம் இருக்கிறது. திருப்பூருக்குப் பக்கத்திலேயே நஞ்சராயன் குளம் என்று ஒரு பழைய ஏரி. சாயக் கழிவும் ஊர்க் கழிவும் சேர்ந்து கெட்ட காலத்திலும், அந்தப் பக்கத்துப் பறவை அன்பர்கள் விடாமல் காலையில் போய்ப் பறவைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குளம் 2022-ல் பறவைகள் சரணாலயம் ஆயிற்று. 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் பட்டியலிலும் ஏறியது. எனக்கு அதில் ரொம்பச் சந்தோஷம். ஆனால் அது ஓரிடம். எல்லை போட்டு, பெயர்ப் பலகை வைத்து, இதுதான் என்று காட்டலாம். கொறங்காடோ ஆயிரக்கணக்கான துண்டு நிலங்கள், ஆயிரக்கணக்கான பட்டாதாரர்கள். அங்கே பலகை எங்கே நடுவது? அங்கே கௌதாரிக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு, ஒரு கிழவியின் முழங்கால்.

மசாய் நாட்டிலும் எல்லாம் பூரண சுகம் என்று சொல்லிவிட முடியாது. 2020-ல் கொள்ளைநோய் வந்து விமானங்கள் நின்றபோது வேடிக்கைக்காரர்கள் வரவில்லை. குத்தகைப் பணம் குறைந்தது; சில இடங்களில் தடைப்பட்டது. ஒரே ஒரு வரும்படியை நம்பினால் என்ன ஆகும் என்பதை அவர்களும் பார்த்துவிட்டார்கள். ஆனாலும் அவர்கள் ஒரு விஷயத்தை ஒளிவுமறைவில்லாமல் பேசி முடித்திருக்கிறார்கள். காட்டு உயிரைக் காப்பதற்கு ஒரு செலவு உண்டு. அதை யாரோ ஒருவர் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். யார் என்பதுதான் கேள்வி. எங்கள் ஆறு ஏக்கரில் அறுபது வருஷமாகக் கொடுத்தவள் அத்தை. நெய்யை வாங்கிக்கொண்டவன் நான்.

மத்தியானம் திருப்பூரிலிருந்து அத்தை மகன் வந்து சேர்ந்தான். நாலைந்து தையல் மெஷின் போட்டுப் பனியன் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கிறவன். கையில் பத்திரம். சாப்பிட்டு முடித்ததும், "என்னுங்க மச்சா, முடிவு பண்ணீட்டீங்களா?" என்று கேட்டான்.

"மாப்ளே, கம்பெனிக்காரன் அத்தைக்கு வருஷத்துக்குக் கொடுப்பதாகச் சொன்ன பாதிப் பங்கு எவ்வளவு?"

சொன்னான். என் புஸ்தகங்களின் வருஷ ராயல்டியைவிட அது கொஞ்சம் அதிகம் என்பதை நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"அதை நான் கொடுக்கிறேன். பட்டிக்குக் கம்பி வலை போடுவோம், கூரையோடு. ராத்திரிக்கு ஒரு விளக்கு. என் பாதி எனக்கு வேண்டாம். ஒரு வருஷம் பார்ப்போம். பிடிக்கவில்லை என்றால் அடுத்த வருஷம் கையெழுத்துப் போடுகிறேன்."

அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு உற்சாகம் பீறிட்டது. "வேண்டுமானால் மூணு ஏக்கரை உங்கள் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன், அத்தே" என்றேன்.

"எனக்கு எதுக்குச் சாமி நெலம்? நீ நாயிக்கு வழி சொல்லு."

அத்தை மகன் சிரித்துவிட்டான். ஆனால் பிறகு தனியாக என்னைச் சாலை வரைக்கும் கொண்டுவந்து விடும்போது, அவன் சிரிக்காமல் ஒன்று சொன்னான். "நீங்க குடுக்கறீங்க, மச்சா. செரி. வடக்கு வளவுக்காரருக்கு யாரு குடுப்பா? அவரு போன மாசமே கையெழுத்துப் போட்டுட்டாரு. தெக்க இருக்கறவரு பிளாட்டுப் போடறாரு. நடுவால நம்ம ஆறு ஏக்கர் மட்டும் இருந்தா, உடும்பும் முயலும் எங்க போயி எங்க வரும்?"

இதற்கும் என்னிடம் பதில் இல்லை. அத்தைக்கு ஒரு மருமகன் இருக்கிறான். காங்கயம் தாலுகாவில் கொறங்காடு வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் மருமகனுக்கு எங்கே போவது? இதை என்னைப்போல ஒருவன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துத் தீர்க்க முடியாது. குளத்துக்குச் சரணாலயம் என்று பெயர் வைக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, வேலியைப் பிடுங்காமல் மரத்தை வெட்டாமல் வைத்திருக்கிறவனுக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று கொடுக்கவும் தெரிய வேண்டும். நாய் கடித்த ஆட்டுக்குக் காசு கொடுக்க முன்வந்தது ஒரு தொடக்கம். ஆனால் அது செத்த ஆட்டுக்குக் கொடுக்கிற காசு. உயிரோடு இருக்கிற புல்லுக்கும் ஒரு விலை போட வேண்டாமா? நூலுக்கும் துணிக்கும் சாயத்துக்கும் காசுக்கணக்கு சுத்தமாகப் பார்க்கத் தெரிந்த ஜில்லா இது. இந்தக் கணக்கு அதற்குத் தெரியாததல்ல. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இரவு அமராவதி நகருக்குத் திரும்பினேன். சிநேகிதர், "நாவல் முடிந்ததா?" என்று விசாரித்தார். "இல்லை, செலவு ஆரம்பித்திருக்கிறது" என்றேன். மறுநாள் சாயங்காலம் வழக்கம்போல முதலைப் பண்ணைக்குப் போனேன். அவை வழக்கம்போலக் கிடந்தன. ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு யார் சாப்பாடு போடுறாங்க?" என்று தன் அப்பாவைக் கேட்டான். "கவர்மெண்டு" என்றார் அப்பா. எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. எந்த உயிரைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று பட்டது.

பத்து நாள் கழித்து அத்தையிடமிருந்து டெலிபோன் வந்தது. அவளுக்குப் போனில் பேசினாலும் பக்கத்து ஊருக்குக் கேட்கிறமாதிரி பேசித்தான் பழக்கம்.

"கண்ணு, வலை போட்டாச்சு. நாயிங்க ரெண்டு நாளு வந்துட்டுச் சும்மா திரும்பிப் போச்சு. கௌதாரி ஏழுல அஞ்சு பொரிச்சிருக்குது."

"ரொம்பச் சந்தோஷம், அத்தே!"

"சந்தோசம் இருக்கட்டும். வலைக்காரன் பேசினதுக்கு மேல ரெண்டாயிரம் கேக்கறான். நாளைக்கே அனுப்பி உடு."

அனுப்பிவிட்டேன்.